டாயல் ஸ்டீகாலின் நாற்பத்தோரு சீட்டுகள்

டெல்வின் மாட்டு ஏலக் கொட்டகையில் அந்தச் சனிக்கிழமை மாடுகள் இல்லை. வாசனை மட்டும் இருந்தது. ஏல வட்டத்தில் மரத்தூளைப் புதிதாகக் கொட்டி, வேட்பாளர்கள் பேச நடுவில் ஒரு மைக்கை நிறுத்தியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை கட்சிக்குள் வேட்பாளர் தேர்தல். இந்தத் தொகுதியில் அதுதான் நிஜமான தேர்தல். நவம்பரில் நடப்பது சும்மா ஒரு சடங்கு.

நெல்டா ப்ரூயிட் வட்டத்தைச் சுற்றிய இருக்கைப் படிகளில் மூன்றாவதில் தன் தம்பி வேடின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்நூறு மைல் காரோட்டி வந்திருந்தாள். மாநிலத் தலைநகரில், சட்டசபைக் குறிப்பேட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. சபையில் யார் எந்த மசோதாவுக்கு என்ன ஓட்டுப் போட்டார்கள் என்பதைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்கிறவள் அவள்தான்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம், நெல்டி. பக்கத்துல உக்காந்தா போதும்" என்று போனில் சொல்லியிருந்தான் வேட். "கிளென் வருவான். எல்லாரும் என்னைப் பாப்பாங்க."

கிளென் வந்திருந்தான். எதிர்ப்பக்கப் படியில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, ஒரு தடவைகூட வேடின் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி ட்வைலா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். போன அக்டோபரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் விழுந்தாள். வேட் சம்பளம் இல்லாமல் ஊர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். டெல்வின் ஆஸ்பத்திரியை ஜூலையிலேயே மூடிவிட்டிருந்தார்கள். அடுத்தது எழுபத்தோரு மைல் தள்ளி. பாதி வழியில் ரயில்வே கேட்டில் நீளமான சரக்கு ரயில் ஒன்று ஒன்பது நிமிஷம் போய்க்கொண்டே இருந்தது. கேட் திறந்தபோது ட்வைலா இல்லை. அடக்கத்தின்போது கிளென் எல்லோருக்கும் கை கொடுத்தான். வேட் நீட்டிய கையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றிலிருந்து வேட் சரியாகத் தூங்குவதில்லை. வேறு சாலையில் போயிருக்கலாம் என்று மேஜைத் துணியில் விரலால் வழி வரைந்துகொண்டிருப்பான்.

தொகுதியின் சட்டசபை உறுப்பினர் டாயல் ஸ்டீகால் உள்ளே வந்தபோது பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். எழுபத்தொரு வயது, குச்சி மாதிரி நிமிர்ந்த முதுகு, வெள்ளைத் தொப்பி. முதல் தேர்தலில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில், மறுபடி எண்ணியபிறகு ஜெயித்தவர். அதற்குப் பின் பதினோரு தேர்தல். அதில் ஏழில் எதிர்த்து நிற்க ஆளே வரவில்லை. இந்தத் தடவை பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் நிற்கிறார். அவர் பேசி முடித்ததையே யாரும் கவனிக்கவில்லை.

"என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார் ஸ்டீகால் மைக்கில். "எனக்கு 'வேண்டாம்'னு சொல்லத் தெரியும். வரியா? வேண்டாம். கடனா? வேண்டாம். தலைநகர்ல எனக்குப் பேரே 'வேண்டாம் டாயல்'தான்."

சிரித்தார்கள். வேடும் சிரித்தான். அவனுடைய வண்டியில் ஸ்டீகாலின் மஞ்சள் பலகைகள் இன்னும் நாற்பது கிடந்தன. எட்டு தேர்தலாக இந்த வட்டாரம் முழுக்க அவன்தான் சுத்தியலால் அடித்து நடுகிறான்.

ஸ்டீகால் சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார். உள்ளங்கை அளவு அட்டை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுப்பார். ஒவ்வொரு வரியிலும் ஒரு மசோதாவின் பெயர், அதற்கு எதிரே அவர் போட்ட ஓட்டு. டெல்வினில் குளிர்சாதனப்பெட்டி இருக்கிற எல்லா வீட்டிலும் அதன் கதவில் அது ஒட்டியிருக்கும்.

"எதையும் மறைக்கிறவன் இல்ல நான். என் ஓட்டு உங்க சமையலறையில இருக்கு."

கேள்வி நேரம் வந்தது. நிகழ்ச்சியை நடத்தியவர் ரூபன் கோச். வாரா வாரம் இதே வட்டத்தில் மாடு ஏலம் விடுகிறவர். பழக்கம் விடாமல், ஏலம் முடிந்ததும் தட்டுகிற சுத்தியோடு உட்கார்ந்திருந்தார்.

கிளென் எழுந்தான். "ஆஸ்பத்திரிக்குப் பணம் குடுக்கிற மசோதா" என்றான்.

"கிளென், தம்பி" என்று குரலைத் தணித்தார் ஸ்டீகால். "அட்டையைப் பாரு. நாலாவது வரி. நான் 'ஆம்'. என் வாழ்நாள்ல செலவுக்கு 'ஆம்'னு சொன்னது ரொம்பக் கொஞ்சம். இதுக்குச் சொன்னேன். நகரத்துக்காரங்க சேந்து மசோதாவக் கொன்னுட்டாங்க. நான் என்ன செய்ய?"

கிளென் நின்றுகொண்டே இருந்தான்.

"இன்னொண்ணும் சொல்றேன், மனசு நோகாத. ஆஸ்பத்திரி ஒரு பக்கம் இருக்கட்டும். அன்னிக்கு ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிஷம் கேட்டுல நின்னுச்சுன்னு கேள்விப்பட்டேன். யார் ஓட்டினாங்கன்னு நான் கேக்கல. ஆனா அந்த ஒன்பது நிமிஷத்துக்கு நான் ஓட்டுப் போடல."

கொட்டகை முழுக்க வேடைப் பார்த்தது. வேட் தலையைக் குனிந்து, ஏதோ தீர்ப்பை ஒப்புக்கொள்கிறவன்போல மெல்ல ஆட்டினான்.

"சரிதான சொல்றாரு" என்று முணுமுணுத்தான்.

நெல்டா தன்னையறியாமல் எழுந்துவிட்டிருந்தாள்.

"டாயல், சபைக் குறிப்பேட்டுல ஆயிரத்து நூத்து எண்பத்து நாலாம் பக்கம்" என்றாள். மைக் இல்லாத குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது. "மே பதினேழு. ஆம் எழுபத்து நாலு, இல்லை எழுபத்து நாலு. சமமா வந்ததால மசோதா தோத்துப்போச்சு. ஸ்டீகால், இல்லை."

ஸ்டீகால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு புன்னகைத்தார். "நெல்டாவா அது? அடேடே. எல்லாருக்கும் சொல்றேன், இவ நம்ம ஊர்ப் பொண்ணு. எங்க சபையில வேலை பாக்கிறா. கண்ணு, அடுத்த நாள் பக்கத்தையும் சொல்லேன்."

"ஆயிரத்து இருநூத்து ஒண்ணு. மே பதினெட்டு. நீங்க எழுதிக் குடுத்த திருத்தச் சீட்டு."

"என்ன எழுதியிருக்கு?"

அவள் தட்டச்சு செய்த வரி. மனப்பாடம். "'இல்லை என்று நான் வாக்களித்ததாகப் பதிவாகியுள்ளது. ஆம் என்று வாக்களிக்கவே எண்ணியிருந்தேன்.'"

"அவ்ளோதான்!" கையை விரித்தார். "ஓட்டுப் போடுற பொத்தான்ல கோளாறு. மறுநாளே திருத்திட்டேன். அரசாங்கப் புத்தகத்துலயே இருக்கு. பின்ன என்ன?"

கை தட்டினார்கள். "உக்காருமா!" என்றது ஒரு குரல். "தலைநகர்க்காரி, போய் உன் வேலையப் பாரு!" என்றது இன்னொன்று.

"அந்த மாதிரி நாப்பத்தோரு சீட்டு நான் தட்டியிருக்கேன்" என்றாள் நெல்டா. இப்போது குரல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. "நாப்பத்தொண்ணும் உங்களோடது. எல்லாமே 'இல்லை'ய 'ஆம்'னு மாத்தினது. ஒண்ணுகூட 'ஆம்'லேருந்து 'இல்லை'க்கு மாறல. ஒவ்வொரு தடவையும் பொத்தானைப் பாக்க ஆள் வருவாரு. ஒரு தடவைகூட அதுல கோளாறு இருந்ததில்ல. செலவு பிடிக்காத பெரிய ஆளுங்க தலைநகர்ல உங்களுக்கு வருஷா வருஷம் மார்க் போடுறாங்க. அவங்க எண்றது பொத்தானை. நூத்துக்கு நூறு. நீங்க இங்க அச்சடிக்கிறது சீட்டை."

"நெல்டா கண்ணு." புன்னகை அப்படியே இருந்தது. குரல் மட்டும் மாறியது. "சபை ஊழியர் தேர்தல் கூட்டத்துல வாய் திறக்கக் கூடாதுங்கறது உனக்குத் தெரியும். ஓய்வூதியத்துக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கில்ல உனக்கு? யோசிச்சுப் பேசு."

"மறுநாள் குடுக்கிற சீட்டு எதையும் மாத்தாது" என்றாள் அவள், அவரைப் பார்க்காமல், கூட்டத்தைப் பார்த்து. "எண்ணிக்கை எழுபத்து நாலு எழுபத்து நாலாவேதான் இருக்கும். அவர் 'ஆம்' பொத்தானைத் தொட்டிருந்தா எழுபத்தஞ்சு, எழுபத்து மூணு. ஆஸ்பத்திரி இன்னிக்கும் திறந்திருக்கும்."

யாருக்கும் புரிந்த மாதிரித் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "அதான் 'ஆம்'னு எழுதிக் குடுத்துட்டாரே."

ரூபன் கோச் தொண்டையைச் செருமினார். இருபது வருஷமாக ஸ்டீகாலுக்கே ஓட்டுப் போடுகிறவர். சுத்தியை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"டாயல், ஒண்ணு கேக்கிறேன். சீட்டு குடுத்தது மசோதா தோத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி. ஆனா மனசு..."

"சுத்தி விழுந்தப்புறமா கை தூக்கினீங்க."

"ரூபன், இது மாட்டு வியாபாரம் இல்ல."

"இல்லதான்" என்றார் ரூபன். "இங்க அப்படித் தூக்கினா மறுவாரம் உள்ளயே விடமாட்டேன்."

முன்வரிசைப் பெண் தன் கைப்பையைத் திறந்து மஞ்சள் அட்டையை எடுத்துப் பார்த்தாள். பிறகு ஸ்டீகால், மனுஷனுக்கு மனசு எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம், கடவுள் பார்ப்பதும் அதைத்தான் என்றார். பாதிப் பேர் கை தட்டினார்கள். கிளென் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

வெளியே காற்று பலமாக அடித்தது. போன அறுவடையின் பஞ்சு வேலிக் கம்பிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, வழி தவறி வந்த பனி மாதிரி. வேட் வண்டியின் பின்பக்கத்தில் மஞ்சள் பலகைகளுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தான். அவன் தன்னைக் கட்டிக்கொள்வான் என்று நெல்டா நினைத்தபடியே நடந்து வந்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றான்.

"எதுடா?"

"அவர் 'இல்லை'ன்னு போட்டது."

"அன்னிக்கே. நான்தான தட்டினேன்."

"மே மாசம்."

"ஆமா."

"ஜூலையில ஆஸ்பத்திரிய மூடினாங்க. அக்டோபர்ல ட்வைலா போனா. டிசம்பர்ல நீ என் வீட்டுக்கு வந்த. என் மேஜையில உக்காந்து பன்றித்தொடை சாப்பிட்ட." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நான் சாப்பிட முடியாம எழுந்து போனப்ப, பின்னாடியே வந்து என்ன சொன்ன?"

"உன் தப்பு இல்லன்னு சொன்னேன்."

"யார் தப்புன்னு ஏன் சொல்லல?"

"எனக்கு அனுமதி இல்ல, வேட். வேலை போயிடும். இருபத்திரண்டு வருஷம்..."

"அவர் பலகைய நான் நட்டுக்கிட்டிருந்தேன். நீ ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்த."

நெல்டா மஞ்சள் பலகைகளைப் பார்த்தாள்.

"நீயும் ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடு, மேடம். 'வாயை மூடிக்கிட்டு இருந்ததாப் பதிவாகியிருக்கு. பேசணும்னுதான் நினைச்சேன்'னு."

வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவளுடைய துணிப்பை அவன் வீட்டில் இருந்தது. அதனால் அவள் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. மூன்று நாள் ஒரே வீட்டில், ஒரே காபிப் பாத்திரத்திலிருந்து ஊற்றிக் குடித்துக்கொண்டு, இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். திங்கட்கிழமை காலை அவளுக்கு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. மேஜையைக் காலி செய்ய வர வேண்டியதில்லை, பொருள்களைப் பெட்டியில் அனுப்பிவிடுவார்களாம். வேட் தோளுக்கு மேலாக அதைப் படித்தான். பால் வாங்கப் போனான்.

செவ்வாய்க்கிழமை ஸ்டீகால் பதின்மூன்றாவது தடவையாக ஜெயித்தார். நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. டெல்வின் வாக்குச்சாவடியில் மட்டும் முதல்முறையாகத் தோற்றார். மருந்துக்கடைக்காரருக்கு இருநூற்று மூன்று, அவருக்கு நூற்று நாற்பது. அதனால் முடிவில் ஒன்றும் மாறவில்லை. வானொலியில் அவர், டெல்வின் மக்களும் தன்னை ஆதரிக்கவே எண்ணியிருந்தார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார்.

புதன்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. நெல்டா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கிளென். படிக்குக் கீழேயே நின்றுகொண்டான். வேட் கதவைத் திறந்தான்.

"ஒன்பது நிமிஷம்தானா?" என்றான் கிளென்.

"ஒன்பது."

"இங்கயே ஆஸ்பத்திரி இருந்திருந்தா?"

"உன் வீட்டுலேருந்து நாலு நிமிஷம்."

கிளென் தொப்பியை மாட்டிக்கொண்டான். கை கொடுக்கவில்லை. "அந்தப் பலகையெல்லாம் பிடுங்கணும்னா கூப்பிடு" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வேட் சமையலறைக்கு வந்தான். குளிர்சாதனப்பெட்டிக் கதவிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். ஒரு பேனாவையும் வைத்தான்.

"நாலாவது வரி. சரியானத எழுது."

அவள் 'ஆம்' என்பதை அடித்துவிட்டு மேலே 'இல்லை' என்று எழுதினாள்.

"கீழ உன் பேர எழுது."

எழுதினாள்.

"தேதி."

அவள் யோசிக்காமல் மே என்று தொடங்கினாள். வேட் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். நான்கு நாளில் அவன் அவளைத் தொட்டது அப்போதுதான்.

"அது இல்ல. நீ எங்ககிட்ட வாயைத் திறந்து சொன்ன நாளப் போடு."

அவள் 'மே'யை அடித்துவிட்டு, சனிக்கிழமையின் தேதியை எழுதினாள். மார்ச் இரண்டு. அவன் அதை வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, பழைய காந்தத்தை வைத்துப் பழைய இடத்திலேயே மாட்டினான். பிறகு இரண்டு கோப்பை எடுத்து, காபியை ஊற்றி, ஒன்றை அவள் பக்கமாகத் தள்ளினான். சர்க்கரையைத் தள்ளவில்லை.