சுப்ஹியின் இடம்

1

இந்தக் கதை எனக்கு வரிசையில் கிடைத்தது. கெய்ரோவில் என் பாதி வாழ்க்கை அலுவலக ஜன்னல்களுக்கு முன்னால்தான் போயிற்று. இங்கே ஒரு வழக்கம் உண்டு. பின்னால் நிற்பவரிடம் "என் இடத்தைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம். யாரிடம் சொல்கிறோம் என்று திரும்பிப் பார்ப்பதுகூடக் கிடையாது.

அப்படி ஒரு வரிசையில் நின்ற சுப்ஹியும் பார்க்கவில்லை.

2

அவர் பின்னால் நின்றது, வானத்திலிருந்து இறங்கி, இங்கே தங்க அனுமதி கேட்டு வந்த ஒன்று. அதன் உருவம்

(இதைப் பலமுறை எழுதி அடித்துவிட்டேன். அது நிற்கிறது. அதற்கு மேல் எனக்கு ஓர் எழவும் தெரியாது.)

சுப்ஹி திரும்பி வரவில்லை. டீக்கடைக்கே போகவில்லையாம். அது மட்டும், பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டுவிட்டு, அவர் இடத்தைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கிறது.

3

அவர் மனைவி பஹீகா தினமும் வருகிறாள். முதலில் அவள் அழுவதாக எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன், அவள் அழுகிற ஆளில்லை. அதன் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, மொச்சை மசியல் வைத்த ரொட்டி தின்பாள். அதற்கும் ஒன்று வைப்பாள்.

ஜன்னலுக்குள்ளிருந்து குமாஸ்தா மேடம் இஃப்பத் கத்தினாள்.

"அடியே பஹீகா! இன்னியோட இந்த ஜன்னலை மூடறாங்க. 'அவர் வரமாட்டார்'னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன். அதுவும் போகும், நானும் வீட்டுக்குப் போவேன்."

"நீங்களே சொல்லுங்களேன் மேடம்."

"சொல்லாமயா இருப்பேன்? வீட்டு ஆளு வந்து சொல்லணும்னு நிக்குது. இங்கயே நின்னு நம்ம சட்டமெல்லாம் கத்துக்கிச்சு!"

"உங்ககிட்ட கத்துக்கிட்டா வேற எப்படி இருக்கும்?"

பஹீகா சிரித்தாள். பிறகு அதன் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள். "நான் சொல்லி நீயும் போயிட்டா, அவருக்காகக் காத்திருக்க உலகத்துல நான் ஒருத்திதான் மிச்சம்."

5

(நான்கில் சுப்ஹி எங்கே போனார் என்று எழுதியிருந்தேன். தெரியாமல் எழுதியது. எடுத்துவிட்டேன்.)

ஒரு முடிவு: சுப்ஹி ஆறிய டீயோடு வருகிறார். எழுத ஆசைதான், கை ஓடவில்லை. இன்னொன்று: அவள் சொல்கிறாள், அது போகிறது, வெறும் தரை தெரிகிறது. இதை எழுதிய அன்று யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தது. பேச ஆளில்லை.

ஜன்னல் பாதி இறங்கிவிட்டது. பஹீகா எழுந்து, "அவர்

என்னால் முடியவில்லை.

பின்னால் நிற்பது நீங்கள்தானே? என் இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன்.