இடது கன்னத்து மிட்டாய்

காலை ஒன்பதரைக்கு அவள் அறைக் கதவைச் சாத்தி, அடியில் போர்வையைச் சுருட்டி வைப்பாள். ஜன்னலை மூடுவாள். மின்விசிறியை நிறுத்துவாள். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து தகர டப்பாவை இறக்கி, ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து மகளிடம் நீட்டுவாள்.

"கடிக்கக் கூடாது. கரையற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. சரியா?"

ஆறு வயது மகள் தலையை ஆட்டுவாள். மிட்டாய் இடது கன்னத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கன்னம் உப்பும். வீடு அடங்கிவிடும். பள்ளிப் பதிவேட்டில் நல்ல பெயராக ஒன்று இருந்தாலும் எல்லாரும் கூப்பிடுவது வாலு என்றுதான். அந்த வாலைச் சுருட்டி வைக்கும் வித்தை அந்த மிட்டாய்க்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

நோய் பரவி, ஊர் கதவடைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் சுருங்கிப்போய், காலையில் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கணவன் மருந்து லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று மருந்துக் கிடங்கிலேயே தங்கிவிட்டான். தாயும் மகளும் இரண்டு அறைகளுக்குள் ஒருத்தி கால் இன்னொருத்தியைத் தடுக்கிவிட வாழ்ந்தார்கள்.

தாயின் வேலை தொலைபேசியில் கேள்வி கேட்பது. வீட்டுக்குள் அடைபட்ட குழந்தைகள் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்கள் பற்கள் என்ன ஆகின்றன என்று ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆய்வு செய்தது. தினமும் பதினான்கு அம்மாக்களை அழைத்து, முப்பத்தெட்டுக் கேள்விகளைப் படித்து, பதிலைத் திருப்பிச் சொல்லிக் குறிக்க வேண்டும். கீழ்வீட்டு அக்கா அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயரே வைத்துவிட்டாள்.

விதிகள் மூன்று. கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும். அறிவுரை சொல்லக் கூடாது. வீட்டுச் சத்தம் பதிவாகக் கூடாது. பதிவானால் அந்த அழைப்பு செல்லாது, வேறொரு அம்மாவைப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரத்தில் வாலு பாடியது, ஆடியது, "அம்மா, ஆயிடுச்சு, கழுவி விடு" என்று கழிவறையிலிருந்து கத்தியது எல்லாம் பதிவாகி, மூன்று நாள் உழைப்பு தண்ணீரில் போனது. நான்காம் நாள் மிட்டாய் டப்பா வந்தது. ஒரு அழைப்புக்கு இருபது நிமிடம். மிட்டாயும் கடிக்காவிட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான் தாங்கும். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

ஒரு திங்கட்கிழமை வாலு ரொட்டியை வலது பக்கமாகவே மென்றாள். தண்ணீர் குடிக்கும்போது ஒரு கண்ணைச் சுருக்கினாள். தாய் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடுத்த எண்ணை அழுத்தினாள். அன்று முழுக்க அவள் கண் படிவத்தில் நிற்கவில்லை. கேள்விக்குக் கேள்வி இடது கன்னத்துக்கே போய் வந்தது.

மாலையில் கணவன் வீடியோவில் வந்தான்.

"பல்லு வலிக்குதோன்னு தோணுது" என்றாள்.

"பால் பல்லுதானே? இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு விழுந்துட்டுப் போகுது. இப்போ போய் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத. அங்கதான் எல்லாம் ஒட்டுது."

"வாயைக் காட்டவே மாட்டேங்கறா."

"வலிச்சா கத்த மாட்டாளா? உன் பொண்ணா வலியை மூடி வைக்கறவ?"

அது சரியாகத்தான் பட்டது. எறும்பு கடித்தாலே தெருவைக் கூட்டுகிறவள். ஆனாலும் மனசு ஓரிடத்தில் உட்காரவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது கை பாதியில் நின்றது. இரண்டு முறை அடுப்பை அணைத்துவிட்டோமா என்று போய்ப் பார்த்தாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டாவது அழைப்பு ஒரு தையல்காரிக்குப் போனது. பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துச் சத்தத்துக்கு விதி இல்லை.

இருபத்து மூன்றாம் கேள்வி: "உணவு வேளைகளுக்கு இடையில் உங்கள் குழந்தை இனிப்பு உண்பது எத்தனை முறை? அ, ஒருபோதும் இல்லை. ஆ, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. இ, தினமும் ஒரு முறை. ஈ, தினமும் பல முறை."

"ஆ போடுங்க" என்றாள் தையல்காரி. எல்லாரும் 'ஆ'தான் சொன்னார்கள்.

முப்பத்தொன்றாம் கேள்வி: "பால் பற்களுக்குப் பின்னால் உங்கள் குழந்தைக்குப் புதிதாகக் கடைவாய்ப் பல் முளைத்துள்ளதா? அது விழுந்தால் மீண்டும் முளைக்காத பல் என்பதை அறிவீர்களா?"

இதற்கு அம்மாக்கள் "தெரியலையே, இல்லைன்னே போட்டுக்கோங்க" என்பார்கள். அவளும் போட்டுக்கொண்டு முப்பத்திரண்டுக்குப் போய்விடுவாள்.

"இருங்க சிஸ்டர், பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் தையல்காரி. மெஷின் நின்றது. "டேய், இங்க வா. ஆ காட்டு. இன்னும். முதலை மாதிரி காட்டுடா!" கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். "அட, ஆமா! பின்னாடி பெருசா ஒண்ணு வந்திருக்கு. எப்போடா வந்துச்சு? சொல்லவே இல்ல? நான் இதையும் விழற பல்லுன்னுல்ல நெனச்சுட்டு இருந்திருப்பேன்! சிஸ்டர், உங்களுக்குக் குழந்தை இருக்கா? பார்த்தீங்களா?"

சொந்த விஷயம் பேசக் கூடாது. "அடுத்த கேள்வி" என்றாள்.

மீதி ஏழு கேள்விகளை எப்படிப் படித்தாளோ அவளுக்கே தெரியாது. அழைப்பு முடிந்ததும் முப்பத்தொன்றை இன்னொரு முறை படித்தாள். ஆயிரம் முறைக்கு மேல் வாய்விட்டுப் படித்த கேள்வி. காதில் விழுந்தது இப்போதுதான்.

"வாலு, இங்க வா."

வாலு வந்தாள். கன்னத்தில் மிட்டாயின் கடைசித் துணுக்கு இருந்தது.

"துப்பு."

"இன்னும் கரையல."

"துப்புடி."

துப்பினாள். வாயைத் திறக்கச் சொன்னால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். கெஞ்சி, மிரட்டி, கடைசியில் தையல்காரியைக் கடன் வாங்கி "முதலை மாதிரி" என்றதும் சிரிப்பு வந்து வாய் திறந்தது. கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே விட்டாள். கீழ்வரிசையை நடுவிலிருந்து எண்ணினாள். அறிவியல் படித்த பழக்கம். பதற்றத்திலும் விரல் எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தோடு முடிய வேண்டிய வரிசை முடியவில்லை. ஆறாவதாக, அகலமாக, இன்னும் ஈறிலிருந்து முழுசாக எழும்பாத ஒரு பல். அதன் நடுவில் கடுகளவு பழுப்புக் குழி.

"வலிக்குதா?"

"மிட்டாய் கரையறப்போ மட்டும்."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

"அப்புறம் ஏண்டி வாங்கி வாங்கிப் போட்டுக்கிட்ட? வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதானே?"

வாலு அவளைப் புரியாமல் பார்த்தாள். "நீதானே குடுத்த? இல்லேன்னா நான் பேசிடுவேன்ல. பேசினா உனக்குக் கால் செல்லாதே."

அவள் கையில் கைப்பேசி வெளிச்சம் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவைப் படிவத்தில் சந்தேகம் இருந்தால் மட்டுமே அழைக்கலாம். அழைத்தாள்.

"எந்தக் கேள்வியில சந்தேகம்?"

"முப்பத்தொண்ணு மேடம். என் பொண்ணு."

"முகம் வீங்கியிருக்கா? ஜுரம்? தூக்கத்துல எழுந்து அழறாளா?"

"எதுவும் இல்ல. இனிப்பு பட்டா வலிக்குதாம். தண்ணி குடிச்சா கண்ணைச் சுருக்கறா."

"அப்போ இன்னும் வழி இருக்கலாம். காலையில எட்டு மணிக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும்."

"பல்லு பிழைக்குமா மேடம்?"

"திறந்து பார்க்காம நான் வாக்குக் குடுக்க முடியாது."

மிச்சம் இருந்த இரண்டு அழைப்புகளை அவள் செய்யவில்லை. வேலையில் சேர்ந்தபின் அதுதான் முதல்முறை.

கல்லூரியின் நீண்ட வராந்தாவில் ஆளே இல்லை. நாற்காலிகளில் ஒன்றுவிட்டு ஒன்று நாடா ஒட்டியிருந்தது. டாக்டரம்மா தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை போட்டு, முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடோடு வந்தாள்.

"அம்மா, இவங்க நிலாவுக்குப் போறாங்களா?" என்றாள் வாலு.

"ஆமாம்டா கண்ணு. உன் பல்லுல ஒரு பள்ளம் இருக்காம். அங்கதான் இறங்கப் போறேன்."

வாலு மகாராணி மாதிரி நாற்காலியில் சாய்ந்து, "முதலை!" என்று வாயைப் பிளந்தாள். டாக்டரம்மா சின்னக் கண்ணாடியால் பார்த்தாள். சுழல் மெஷினைப் போட்டால் எச்சில் காற்றில் தெறிக்கும், இப்போது அதற்கு அனுமதி இல்லை, கைக் கருவியால் சுரண்டி எடுத்துச் சிமெண்ட் வைக்க வேண்டும் என்றாள். நரம்புக்குச் சற்று மேலேயே குழி நிற்பது போலத் தெரிகிறதாம்.

சுரண்டினாள். அந்தச் சத்தம் தாய்க்குத் தன் பல்லிலேயே கேட்டது. வாலு ஒரு முறை காலை உதறினாள், அழவில்லை. அழாதது அவளை இன்னும் படுத்தியது. சிமெண்ட் வைத்து, விரலால் அழுத்தி, டாக்டரம்மா பேச்சுக் கொடுத்தாள்.

"முடிஞ்சுது. சமர்த்து. ஆமா, நீ மிட்டாய் எல்லாம் சாப்பிடுவியா?"

வாலு நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: "உணவு வேளைகளுக்கு இடையில் இனிப்பு, ஆ, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. பல் துலக்குவது, தினமும் இரண்டு முறை. படுக்கைக்குச் செல்லும் முன் பால், இல்லை."

தகட்டுக்குப் பின்னால் டாக்டரம்மா குலுங்கிச் சிரித்தாள். "என் படிவத்தையே எனக்கு ஒப்பிக்கறா பாருங்க! சரி, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டுதான்னா பரவாயில்ல. ஏதோ ஒரு பல்லுல மாட்டியிருக்கு. ஆறு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க."

கையுறையைக் கழற்றப் போனாள்.

தாய் வாலுவை நாற்காலியிலிருந்து இறக்கக் கை நீட்டினாள். வாயைத் திறக்காமல் போய்விடலாம். குழந்தையே பதில் சொல்லிவிட்டது. சம்பளம் கொடுக்கிற இடத்தில், அவர்களுடைய ஆய்வுக்காக, அவர்கள் எதைப் பற்றிக் கேட்கச் சொன்னார்களோ அதையே தினமும் வீட்டில் செய்தேன் என்று எந்த வாயால் சொல்வது? வாலு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகச் சொல்லிவிட்ட பெருமை அந்த முகத்தில்.

"அவ சொன்னது தப்பு மேடம்" என்றாள். "ஈ."

"என்ன?"

"ஈ. தினமும் பல முறை. ஒரு நாளைக்குப் பதினாலு. ஒவ்வொரு காலுக்கும் ஒண்ணு. கடிக்காம, இருபது நிமிஷம் கன்னத்துல வெச்சுக்கணும்னு நான்தான் சொன்னேன். ரெக்கார்டிங்ல சத்தம் வரக் கூடாதுன்னு."

டாக்டரம்மா கையுறையை மறுபடி இழுத்து மாட்டினாள். "படும்மா கண்ணு. இன்னொரு தடவை முதலை."

இந்த முறை விளக்கை அருகே இழுத்து வெகுநேரம் பார்த்தாள். மீதி மூன்று மூலைகளிலும் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். இடது மேல்வரிசையில் கண்ணாடி நின்றது.

"இதோ. இன்னும் குழி விழல. சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு. இதை இப்பவே பிடிச்சா நிறுத்திடலாம். நீங்க சொல்லலேன்னா ஆறு மாசம் கழிச்சுதான் பார்த்திருப்பேன். அதுக்குள்ள இதுவும் கையை விட்டுப் போயிருக்கும்."

நான்கு கடைவாய்ப் பற்களுக்கும் மஞ்சள் நிறத்தில் மருந்து தடவினாள்.

"கீழ்ப்பல்லு, மேடம்?"

"நரம்பு தாங்குமா தாங்காதான்னு மூணு மாசத்துல தெரியும். மிட்டாயை நிறுத்தினாத்தான் தாங்கும். மாசாமாசம் வாங்க." எரிச்சலாகக் கேட்டாள்: "குழந்தை சத்தம் கேட்டா கால் செல்லாதுன்னு எந்தப் புத்திசாலி சொன்னான்?"

"விதித் தாள்ல இருக்கு மேடம். நீங்க கையெழுத்துப் போட்டது."

டாக்டரம்மாவின் கண்ணாடித் தகட்டில் மூச்சு படிந்து மறைந்தது.

"நாளையிலிருந்து சத்தம் வரட்டும்" என்றாள் கடைசியில்.

மறுநாள் காலை அவள் கதவடியில் போர்வை வைக்கவில்லை. டப்பாவைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தாள். வாலு வெறும் வாயோடு என்ன செய்வதென்று தெரியாமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் அதைவிட மோசம். பேனாவைத் திறந்தாள், மூடினாள். எண்ணை அழுத்தினாள்.

இருபத்து மூன்றாம் கேள்வியில் அந்த அம்மா, "ஆ" என்றாள்.

"அம்மா! ஜன்னல்ல பூனை! அதுக்கு மீசை ஒரு பக்கம்தான் இருக்கு!"

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "உங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கா?"

"இருக்கு" என்றாள். "ஆறு வயசு."

மறுமுனையில் சிரிப்பு அடங்கியது.

"எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்போ ஆ வேண்டாம். ஈ போட்டுடுங்க. எத்தனைன்னு எல்லாம் கேக்க மாட்டீங்களே?"

"அது படிவத்துல இல்ல."

"பிழைச்சேன்."

அவள் 'ஈ'யைச் சுழித்தாள். வாலுவின் இடது கன்னம் மெல்ல அசைந்தது. நாக்கு சிமெண்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வலிக்கிறதா என்று கண்ணால் கேட்டாள். வாலு தோளைக் குலுக்கினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. மூன்று மாதம் இப்படித்தான் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறாள்.

முப்பத்தொன்றை மெதுவாகப் படித்தாள், எழுதியிருக்கிறபடியே. "தெரியலையே" என்று ஆரம்பித்த குரல் முடிவதற்குள், படிவத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாள்.

"போய் ஒரு டார்ச் எடுத்துட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."