அவெர்கிஸ் வீட்டில் துப்பக்கூடாது

எங்கள் சாந்தோரினித் தீவுக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சூரியன் மறைவதைப் பார்க்க வருகிறார்கள். அவர்கள் ஊரில் அது மறைவதே இல்லை போலிருக்கிறது. மீதிப் பேர் ஒயின் ருசி பார்க்க வருகிறார்கள். அவர்களைத்தான் நான் என் வேனில் ஏற்றிக்கொண்டு சுற்றுவேன். ருசி பார்ப்பது என்றால் குடிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்து, கண்ணை மூடி ஏதாவது பழத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, வாளியில் துப்ப வேண்டும். அதற்குத்தான் விமானம் ஏறி வருகிறார்கள்.

எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். என் தம்பி அவெர்கிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் காற்று பேய்போல அடிப்பதால் திராட்சைக்கொடியைக் கூடைபோலச் சுருட்டித் தரையோடு தரையாக வளர்க்கிறோம். அதனால் வருஷம் முழுக்க எரிமலைச் சாம்பலில் மண்டி போட்டுத் தவழ்கிறவன் அவன். முழங்கால் இரண்டும் தேய்ந்து போய் உண்டாக்கியதை ஒருத்தன் கண்ணெதிரே துப்பினால் எப்படி இருக்கும்? ஒருமுறை ஒரு ஜெர்மன்காரரைக் கொடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு தெருமுனை வரை துரத்திவிட்டான். அதோடு என் வேன் அவன் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தியது.

போன வருஷம்தான் மனசு கேட்காமல் ஒரு கூட்டத்தை அழைத்துப் போனேன். தெசலோனிக்கியிலிருந்து வந்த பல் டாக்டர்கள் சங்கம். துப்புவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. அடுத்தவரைத் துப்பச் சொல்லியே வீடு வாசல் கட்டியவர்கள். அவர்களுக்குத் தலைவி மிர்த்தோ. நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், யார் பேசினாலும் முதலில் பல்லைப் பார்ப்பவள். அவெர்கிஸின் ஒயினை வாயில் வைத்தாள், யோசித்தாள், நேர்த்தியாகத் துப்பினாள்.

"நல்ல ஒயின். ஆனா திராட்சைய அவசரப்பட்டுப் பறிச்சிட்டீங்க" என்றாள்.

நான் கத்தி எங்கே இருக்கிறது என்று தேடினேன். இவனோ வெயிலில் வைத்த வெண்ணெய்போல நின்றுகொண்டிருந்தான். அன்றைக்குப் பிடித்தது சனியன். மாதம் ஒருமுறை அவள் ஃபோன் செய்வாள். காற்று எப்படி, கொடி எப்படி, காய் பிடித்ததா என்று கேட்பாள். இவன் "ம்" என்பான். அரைமணி நேரம் "ம்" சொல்லிவிட்டு ஃபோனை வைத்ததும், தேன் குடித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான். வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

இந்த வருஷமும் அக்டோபரில் வருகிறோம், பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுங்கள் என்று பல் டாக்டர்கள் கேட்டார்கள். நான் நேரே தம்பியின் நிலவறைக்குப் போனேன். அவன் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய், அவ வர்றா. உன் எடத்த முதல்ல வைக்கவா, கடைசியா வைக்கவா?"

"முதல்ல. வாய் சுத்தமா இருக்கணும்."

"சரி. அப்புறம்?"

பீப்பாயைத் துணியால் ஒருமுறை துடைத்தான். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, அவங்க முழுங்கினாங்கன்னா கேட்டுடுவேன்."

"என்னத்தடா கேப்ப?"

"அதான். கல்யாணம்."

"துப்பினா?"

"துப்பினா சாகற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் தொறந்து கொட்டுதாக்கும்!"

திட்டிவிட்டேனே தவிர, எனக்குத் தெரியும். இவன் சொன்னால் சொன்னதுதான். ஒரு பல் டாக்டரின் தொண்டைக்குழியில் என் தம்பியின் வாழ்க்கை மாட்டிக்கொண்டிருந்தது. அவள் எத்தனையோ ஊரில் எத்தனையோ ஒயினைத் துப்பியவள். இதை மட்டும் எப்படி விழுங்க வைப்பது?

வேனை ஓட்டிக்கொண்டே யோசித்தபோதுதான் வழி கிடைத்தது. அக்டோபர் இருபத்திரண்டு, புனித அவெர்கிஸ் திருநாள். ஒயினுக்கே காவல் அந்தப் புனிதர்தான். அன்றைக்குப் பாதிரியார் ஆசீர்வதித்த பிறகுதான் எங்கள் ஊரில் புது ஒயின் பீப்பாயைத் திறப்போம். அந்தப் பெயர் உள்ளவனுக்கு அது பெயர்நாள்; அவன் வீட்டுக் கதவும் அன்று முழுக்கத் திறந்திருக்கும். யார் வந்தாலும் உட்காரவைத்து ஊற்றுவான். அது வியாபாரம் இல்லை, விருந்து. விருந்தில் எவளாவது துப்புவாளா?

உடனே மிர்த்தோவுக்கு ஃபோன் போட்டேன்.

"டாக்டரம்மா, இருபத்திரண்டாம் தேதி வந்துடுங்க."

"நாங்க இருபத்தஞ்சுன்னு நெனச்சோமே."

"அன்னிக்குப் பயங்கரக் காத்து அடிக்கும்."

"ஒரு மாசத்துக்கு முன்னாடியே தெரியுமா?"

"பொறந்ததிலேருந்து அடிக்குது, எனக்குத் தெரியாதா?"

அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது. "இருபத்திரண்டு அவரோட பெயர்நாள் இல்ல?"

"அட, ஆமா! மறந்தே போச்சு பாருங்க" என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

முதலில் எங்கள் ஊர் எம்போரியோவில் அவெர்கிஸ் வீடு, அப்புறம் பிர்கோஸ், அப்புறம் மேகலோஹோரி, சாயங்காலம் வழக்கம்போல அந்தப் பாழாய்ப்போன சூரியன். இதைவிடக் கச்சிதமாக எவளும் திட்டம் போட முடியாது என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

திருநாளன்று ஊர் எல்லையிலேயே வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. வேனை நிறுத்த இடமில்லை. டாக்டர்கள் ஏழு பேரையும் இறக்கிவிட்டேன். "இந்தச் சந்துலயே போங்க. அவெர்கிஸ் வீடுன்னு யாரக் கேட்டாலும் காட்டுவாங்க" என்றேன்.

என் வாயில் மண்ணைப் போட. எங்கள் தாத்தா பெயர் அவெர்கிஸ். அவருக்கு நாலு மகன்கள். நாலு பேரும் முறைப்படி மூத்த பையனுக்கு அப்பா பெயரை வைத்தார்கள். நாலு அவெர்கிஸும் ஒரே சந்தில்தான் குடியிருக்கிறார்கள். எனக்கு அவெர்கிஸ் என்றால் என் தம்பிதான். மற்ற மூன்று பேரும் பட்டப்பெயரில் டாக்ஸி, குட்டையன், மீன்காரன். அந்த நினைப்பில் சொல்லித் தொலைத்தேன். தம்பி வீடு சந்தின் கடைசி.

வேனை எங்கோ சொருகிவிட்டு நான் போய்ச் சேர்ந்தபோது, அவன் இஸ்திரி போட்ட சட்டையில் தனியாக நின்றான். பீப்பாய் திறந்திருந்தது. மேஜையில் தக்காளி வடை ஆறிக்கொண்டிருந்தது.

"எங்க அவங்க?" என்றான்.

அப்போதுதான் சந்தின் அந்தக் கோடியிலிருந்து கைதட்டலும் பாட்டும் காதில் விழுந்தன. ஓடினேன். டாக்ஸி வீட்டில் இரண்டு டாக்டர்கள் நாற்காலியோடு சாய்ந்து கிடந்தார்கள். குட்டையன் வீட்டில் மூன்று பேர் அவன் மாமியாரோடு கைகோத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மீன்காரன் வீட்டில் ஒருவர் பாதிரியாரின் தோளில் கை போட்டு, அவர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று அழுதார்.

"மிர்த்தோ எங்க?" என்று கேட்டேன்.

"அவ எல்லா வீட்லயும் குடிச்சா" என்றார் அழுத டாக்டர். "முதல்ல அவதான் கிளாஸ காலி பண்ணா."

முடிந்தது கதை என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். மூன்று வீட்டு ஒயினைக் குடித்தவள் நாலாவது வீட்டில் விழுந்தாலும் விழுவாளே தவிர, விழுங்க மாட்டாள். அந்த மடையன் இன்னும் நாற்பது வருஷம் "ம்" சொல்லிக்கொண்டு பீப்பாயோடு குடித்தனம் நடத்தப் போகிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பி வந்தால் அவள் தம்பியின் நிலவறையில் நின்றிருந்தாள். கொஞ்சம்கூடத் தள்ளாடவில்லை. கையில் கிளாஸ். அவன் ஊற்றிக்கொண்டிருந்தான், கிளாஸில் பாதி, மேஜையில் பாதி.

"பல வருஷம் நல்லா இருங்க" என்று பெயர்நாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு வாயில் வைத்தாள். கொப்பளித்தாள். கண்ணை மூடினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவை இடித்துக்கொண்டு வந்தான் டாக்ஸி. கையில் பூந்தொட்டி. பின்னால் குட்டையனும் மீன்காரனும்.

"மரூலா அக்கா! நீ கூட்டிட்டு வந்த பொம்பள என்ன பண்ணிருக்கா தெரியுமா? ஆசீர்வாதம் பண்ண ஒயின எங்க பூந்தொட்டியில துப்பிருக்கா!"

"எங்க வீட்லயும்தான்!" என்றான் குட்டையன்.

"எங்க வீட்ல பூந்தொட்டி இல்ல. என் செருப்புல துப்பிருக்கா!" என்றான் மீன்காரன்.

மிர்த்தோ கண்ணைத் திறந்தாள். மூன்று பேரையும் பார்த்தாள், என் தம்பியைப் பார்த்தாள், விழுங்கினாள். தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். அதோடு நிற்காமல் மீதியையும் மடமடவென்று குடித்து கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க" என்றாள் டாக்ஸியிடம். "நீங்க எல்லாரும் கையப் பிடிச்சு உக்காரவெச்சிட்டீங்க. அங்கெல்லாம் குடிச்சிருந்தா இங்க வந்து எனக்கு என்ன ருசி தெரியும்?"

சொன்ன வாக்கு இருக்கிறதே, இப்போது இவன் கேட்டாக வேண்டும். நான் அவன் விலாவில் இடித்தேன். அவன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"எப்படி இருக்கு?" என்றான். நான் என் நெற்றியில் அறைந்துகொண்டேன்.

மிர்த்தோ யோசித்தாள். "போன வருஷத்த விட மோசம். உப்பும் இல்ல, ஒறைப்பும் இல்ல. நான் சொன்னேன்னு ரொம்ப நாள் காத்திருந்து பறிச்சிருக்கீங்க."

மீன்காரன் கெக்கலி கொட்டினான். தம்பியின் முகம் அப்படியே தொங்கிவிட்டது.

"அப்ப ஏன் முழுங்கினீங்க?"

"போன வருஷம் ஒயின் ருசி பாக்க வந்தேன், துப்பினேன்" என்றாள் அவள். "இந்த வருஷம் ஒயினுக்காகவா வந்தேன்? இன்னும் எத்தன நாள் காத்திருக்கிறதா உத்தேசம்?"

அவன் கேட்டான். மூன்று அவெர்கிஸ்கள் முன்னால், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முழு வாக்கியமாகக் கேட்டான்.