கடும் ஒழுங்கீனம்

என் தம்பி எமில் தன் மேலாளர் தலையில் ஒரு குடுவைக் காப்பியைக் கவிழ்த்தான். காப்பி ஆறிப்போயிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஹன்செல்கா குடும்பத்தில் யாரும் யாரையும் புண்ணாக்கியதில்லை.

எமில் அந்தக் குழாய் ஆலையின் சரக்குப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். மேலாளர் கிரெய்க், முதலாளி ஹால்வர்சனின் மருமகன். மாமனார் தயவில் நாற்காலி கிடைத்தவன். நவம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபடி அவன் எமிலிடம் சொன்னது இதுதான்: "உன் பொண்டாட்டி ஒருத்திக்காகத்தான்யா இங்க எல்லார் சம்பளத்துலயும் காப்பீட்டுக்குக் கூடப் பிடிக்கிறோம்."

அன்று மதியமே எமிலை வெளியே அனுப்பினார்கள். காரணம் 'கடும் ஒழுங்கீனம்'.

எங்கள் அப்பாவும் அதே ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். அவர் பெயரைத் தாங்கியவன் மீது அப்படி இரண்டு வார்த்தைகளா? நான் கோட்டை மாட்டிக்கொண்டு நேராக எமில் வீட்டுக்குப் போனேன். அவன் சமையலறையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி நோரீன் அடுப்பருகே நின்றிருந்தாள். எனக்கும் அவளுக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. அதை நாங்கள் இருவரும் மறைத்ததும் இல்லை.

"இந்த அவமானத்தை நான் சும்மா விடப்போறதில்ல," என்றேன்.

"அவமானமா? லூட்மிலா, உங்களுக்கு அந்த வார்த்தைல அவமானம் மட்டும்தான் தெரியுதா?" என்றாள் நோரீன். "வேலை போனா காப்பீடு போயிடும், சரி. ஆனா ஆலை குடுத்த பங்கையும் சேர்த்து முழுப் பணத்தையும் நாமளே கட்டினா, அதே காப்பீட்டை இன்னும் ஒன்றரை வருஷம் வச்சுக்கலாம். அது சட்டம். கோப்ரான்னு பேரு."

"பேரே பாம்பு," என்றான் எமில். "தொகையக் கேட்டா கடிச்சது தெரியும்."

"நீங்க பேசாதீங்க. அந்த ரெண்டு வார்த்தைய எழுதிட்டா அந்தப் பாம்பும் கிடையாது. இவருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. காப்பி ஊத்தினது இவரு. ஊசி இல்லாம கிடக்கப்போறது நான்!"

நோரீனுக்கு நரம்பு நோய். சில வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவமனையில் படுத்து மருந்து ஏற்றிக்கொள்கிறாள். இரண்டு தடவை தவறினால் அவள் கை கரண்டியைக்கூடப் பிடிக்காது. அது எனக்கும் தெரியும்.

"அரசாங்கத்தோட காப்பீட்டுச் சந்தை இருக்கே. நாளைக்கே வேற ஒண்ணு வாங்கு," என்றேன்.

"வாங்குவேன், ஜனவரியிலேருந்து. இப்போ வாங்கினா இந்த வருஷ மருத்துவச் செலவுல என் பங்குன்னு நான் கட்டி முடிச்ச பணமெல்லாம் போச்சு, மறுபடி முதல்லேருந்து கட்டணும். புது ஆளுங்க இந்த மருந்துக்கு அனுமதி குடுக்கவே மாசக்கணக்கா இழுப்பாங்க. டிசம்பர் ஊசியப் பழைய காப்பீட்டுல போட்டுக்கிட்டா அந்த இழுபறியத் தாங்கிடுவேன். எனக்கு வேண்டியது அந்த ஒரு ஊசி."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ஆலையில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அட்டையில் மட்டும்தான் இருந்தது. மருத்துவச் செலவு ஆலையின் சொந்தப் பையிலிருந்தே போனது. கிரெய்க் அந்த வார்த்தைகளைக் கோபத்தில் எழுதவில்லை. நோரீனைக் கணக்கிலிருந்து கழிக்க எழுதினான்.

மறுநாள் ஹால்வர்சனைப் பார்க்கப் போனேன். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் எனக்குத் தொப்பியைக் கழற்றுகிற மனிதர்.

"மிஸ் ஹன்செல்கா, உங்களுக்காக ஒண்ணு செய்யுறேன்," என்றார். "வர்ற வெள்ளிக்கிழமை, நன்றி தெரிவிக்கும் நாள் விருந்துக்குன்னு எல்லாருக்கும் வான்கோழி குடுக்குறோம்ல, அங்க எல்லார் முன்னாடியும் எமில் கிரெய்க்கிட்ட மன்னிப்புக் கேட்கட்டும். அவராவே விலகிட்டாருன்னு மாத்திடுறேன்."

"எங்க வீட்டு ஆள் உங்க மருமகன் முன்னாடி தலை குனியறதா?"

"குனியறதும் குனியாததும் உங்க இஷ்டம்," என்று அவர் தொலைபேசியை எடுத்துக்கொண்டார். என்னை வழியனுப்ப வாசல்வரைகூட வரவில்லை.

நடந்ததைச் சொன்னதும் நோரீன் மேசையில் கையால் அறைந்தாள்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வந்தீங்களா? யாரைக் கேட்டு? உங்க குடும்ப மானத்தக் கரைச்சு என் நரம்புல ஏத்துவாங்களா?"

"குரலைத் தாழ்த்து."

"மாட்டேன். உங்களுக்கு அறுபத்தஞ்சு தாண்டி அரசாங்கக் காப்பீடு வந்தாச்சு. அந்தத் தைரியத்துல நிமிர்ந்து நிக்கிறீங்க!"

எமில் எழுந்தான். "லூடி, நான் கேட்டுடுறேன். ரெண்டு நிமிஷ வேலை."

நான் சொன்னேன்: "கேளு. ஆனா அப்பா சொல்லிக்குடுத்த மாதிரி கேளு."

எங்கள் வீட்டில் அரைகுறை மன்னிப்பு செல்லாது. நின்று, கண்ணைப் பார்த்து, என்ன செய்தோம், ஏன் செய்தோம், அதற்கு முன் யார் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் உரக்கச் சொல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் அப்பா மறுபடி முதலிலிருந்து சொல்லவைப்பார். எமிலுக்கு இது அத்துப்படி. நோரீன் ஐரிஷ் வீட்டுப் பெண். அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை. நானும் விளக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சரக்குக் கொட்டகையில் ஆலை முழுதும் கூடியிருந்தது. உறைந்த வான்கோழிகள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. கிரெய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் கதவோரம் நின்றேன், எனக்குப் பக்கத்தில் நோரீன்.

எமில் முன்னே வந்தான்.

"கிரெய்க், போன வாரம் காப்பி மிஷின் பக்கத்துல நீ என்கிட்ட, என் பொண்டாட்டி நோரீனோட மருந்துச் செலவாலதான் இங்க எல்லார் சம்பளத்துலயும் கூடப் பிடிக்கிறதாச் சொன்னே."

ஹால்வர்சன் கையை உயர்த்தினார். "எமில், அதெல்லாம் இப்ப..."

"முடிக்கல. அதக் கேட்டு எனக்குக் கோபம் வந்துச்சு. உன் தலையில ஆறின காப்பிய ஊத்தினேன். ஊத்தினது தப்பு. மன்னிச்சிடு. எனக்கு ஒழுங்கீனம்னு எழுதினது, அவளுக்குக் காப்பீடு கிடைக்காமப் போகணும்னுதான்னு நெனச்சேன். அப்படி நெனச்சது தப்புன்னா அதுக்கும் மன்னிச்சிடு."

பொதி கட்டும் டோலோரஸ் கத்தினாள்: "ஏ கிரெய்க்! என் சிறுநீரகக் கல்லு எவ்வளவாச்சு? அதையும் சொல்லேன், கேட்டுக்குறோம்!"

"என் பையன் கை உடைஞ்சதுக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "தனியாப் பட்டியல் வச்சிருக்கியா, மாப்ள?"

சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்பு இல்லை. யாரும் வான்கோழிப் பெட்டியிடம் போகவில்லை. ஹால்வர்சன் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அங்கேயே, எல்லோர் காதிலும் விழ, "எமில் தானா விலகினார், அப்படித்தான் பதிவாகும்," என்றார். திங்கட்கிழமை அப்படியே மாறியது. எமில் கட்டிய பணத்தோடு பழைய காப்பீடு நின்ற நாளிலிருந்தே திரும்ப உயிர்பெற்றது.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் கொட்டகையிலிருந்து கிளம்பும்போது ஹால்வர்சன் ஒரு வான்கோழியை என்னிடம் நீட்டினார். அதை வாங்கி கிரெய்க்கின் கைகளில் வைத்தேன். "உங்க வீட்டுச் செலவு எங்களுக்கு வேண்டாம்."

காருக்கு வந்ததும் நோரீன் என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன வருஷமா மறைச்சேன் தெரியுமா? கடைக்குப் போனா கையப் பைக்குள்ள விட்டுக்கிட்டு நடந்தேன். இன்னிக்கு ஊரு முன்னாடி என் வியாதியக் கடை பரப்பிட்டீங்க. உங்க பேரு நிமிர்ந்துடுச்சுல்ல?"

"உனக்கு ஊசி கிடைச்சுது."

"கிடைச்சுது. அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்வேன்னு காத்திருக்காதீங்க."

நான் காத்திருக்கவில்லை. நன்றி தெரிவிக்கும் நாளன்று அவர்கள் வீட்டு விருந்துக்கு என்னை அழைக்கவுமில்லை.

டிசம்பரில் அவளுக்கு ஊசி நாள் வந்தது. எமிலுக்கு அன்று பக்கத்து ஊரில் வேலை நேர்காணல். மருந்து ஏற்றிய பிறகு அவளால் வண்டி ஓட்ட முடியாது. அதனால் நான் போனேன். வாசலில் நிறுத்தி முன்கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் அந்தக் கதவைச் சாத்தினாள். பின்கதவைத் திறந்து, வாடகைக் காரில் ஏறுவதுபோல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"போங்க," என்றாள்.

நான் முதுகை நிமிர்த்தி ஓட்டினேன்.