நீட்ஃபுல் செய்யப்பட்டது

அல்சூர் ஏரிக்குப் பின்னால், சந்துக்குள் இருக்கும் அந்த நாலு மாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வெங்கடசாமி. இங்கிலீஷில் எழுதுவதென்றால் அவர் குளித்துவிட்டுத்தான் உட்காருவார், அவ்வளவு பக்தி. ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டென்டன்டாக இருந்து ரிடையர் ஆனவர். அவர்தான் ரிடையர் ஆனார், அவருடைய இங்கிலீஷ் ஆகவில்லை. லிஃப்ட் நின்றுபோனால் மற்றவர்கள் வாட்ஸப் குழுவில் "லிஃப்ட் ஓடல" என்று போடுவார்கள். வெங்கடசாமி போட்டால் அது "இட் இஸ் ப்ராட் டு யுவர் கைண்ட் நோட்டீஸ்" என்று தொடங்கி, மூன்று பத்தி சுற்றிவிட்டு, "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று வந்து இறங்கும். லிஃப்ட் ஓடுகிற நாளில்கூட அவ்வளவு நிதானமாக இறங்காது.

அந்த நீட்ஃபுல் இருக்கிறதே, வெள்ளைக்காரன் எப்போதோ பரணில் போட்டு மறந்துவிட்ட சாமான். இங்கேதான் இன்னும் மூன்று ஷிஃப்டு வேலை பார்க்கிறது. லீவு லெட்டரின் கடைசியில் வந்தால் 'லீவைக் கொடு' என்று அர்த்தம். டிரான்ஸ்ஃபர் மனுவில் வந்தால் 'என்னை இங்கிருந்து தூக்கு'. மேலதிகாரி கோப்பின் ஓரத்தில் கிறுக்கினால் 'இதை இனிமேல் என் கண்ணில் காட்டாதே'. கவுண்டருக்கு வெளியே பியூன் குரலைத் தாழ்த்தி "நீட்ஃபுல் ஆச்சா சார்?" என்றால் அது கவருக்குள் வைக்கிற விஷயம். தமிழிலும் இதற்கு ஒரு சித்தப்பா பிள்ளை உண்டு, 'ஆவன செய்க' என்று. கூடவே வேலை செய்தவர் ஒருவர் மாரடைப்பில் போனபோது, "அவர் நோ மோர், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று சர்க்குலர் அனுப்பியவர் நம்முடைய வெங்கடசாமிதான். என்ன செய்வது, யார் செய்வது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் வேலை கேட்டவர் தலையில் விழும் என்பது ஆபீஸ் பிறந்த நாளிலிருந்து இருக்கிற சட்டம். எழுதினவர் கடமையை முடித்தார், படித்தவர் பக்கத்து மேஜைக்குத் தள்ளினார். அவ்வளவுதான் நிர்வாகம்.

அந்த நிர்வாகத்தைத்தான் அவர் கட்டடத்துக்கும் கொண்டுவந்தார். சிக்கல் என்னவென்றால், இங்கே அது நடக்க ஆரம்பித்தது.

முதலில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி. விரிசல் விட்டு ஒழுகியது. நீட்ஃபுல் கோரி எழுதினார். யாரோ "நோட்டட்" என்று பதில் போட்டார்கள். மறுநாள் காலையில் தொட்டி ஒழுகவில்லை. விரிசல் இருந்த இடத்தில் சிமெண்ட் பூச்சுகூட இல்லை, விரிசலே இருந்ததில்லை என்பதுபோல வழவழவென்று கிடந்தது. முதல் மாடிக்காரர்கள் மூன்றாம் மாடிக்காரர்கள் ஆள் வைத்தார்கள் என்று நினைத்தார்கள். மூன்றாம் மாடி முதல் மாடியை நினைத்தது. வெங்கடசாமி, "த்ரூ த டைம்லி இன்டர்வென்ஷன் ஆஃப் த அண்டர்சைன்ட்" என்று தன் பெயரில் வரவு வைத்துக்கொண்டார்.

அடுத்தது சஞ்சயுடைய நாய். ஐடி கம்பெனிப் பையன், அவன் வேலைக்குப் போனதும் நாள் முழுக்க அது குரைக்கும். நீட்ஃபுல் எழுதினார். நோட்டட் வந்தது. குரைப்பு நின்றது. நாய் எங்கும் போகவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

"டாக்டர்ட்ட காட்னேன் அங்கிள்," என்றான் சஞ்சய், லிஃப்டுக்குள். "தொண்டையில ஒண்ணும் இல்லையாம். நல்லா வாயைத் தொறந்து குரைக்குது. சத்தம் மட்டும் வரல."

நாய் வெங்கடசாமியை அண்ணாந்து பார்த்தது. வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. லிஃப்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் தன் மாடி வருவதற்கு முன்பே இறங்கிப் படியேறிப் போனார்.

பிறகு க்ளென். ரிச்சர்ட்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பையன், இங்கே வாடகைக்கு இருந்தான். சங்கக் கூட்டத்தில் அவன் எழுந்து, "அங்கிள், ஒரு சின்ன டவுட். நீட்ஃபுல் நீட்ஃபுல்னு எழுதறீங்களே, ப்ளம்பரைக் கூப்பிடணுமா வேணாமா?" என்று கேட்டுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். கட்டடத்துப் பெண்கள் துப்பட்டாவில் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள், அதுதான் வெங்கடசாமிக்கு அதிகம் வலித்தது. அன்று மாலையே, க்ளென் என்பவருடைய நடத்தை தொடர்பாக நீட்ஃபுல் செய்யுமாறு எழுதினார். நோட்டட்.

அந்த வாரக் கடைசியில் க்ளென் காலி செய்தான். கீழே டெம்போ பக்கத்தில் நின்றவனிடம், பெருந்தன்மையாக, "வாட் இஸ் த ஹர்ரி, யங் மேன்?" என்று விசாரித்தார்.

"தெரியல அங்கிள்." பையன் முகத்தில் ரத்தமே இல்லை. "ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தா எல்லாத்தையும் டப்பாவுல கட்டி வச்சிருக்கு. டூத் பிரஷ்கூட. கதவு பூட்டினது பூட்டினபடி. யார் கட்னாங்கன்னே தெரியல. நானே கட்டியிருப்பேனோன்னு யோசிக்கறேன். ஆனா நான் இவ்ளோ ஒழுங்கா கட்ட மாட்டேன்."

அன்றைக்குத்தான் வெங்கடசாமி அந்த நோட்டட்காரரின் நம்பரைத் தட்டிப் பார்த்தார். பெயர் இல்லை, படம் இல்லை. எந்தக் கட்டடத்து வாட்ஸப் குழுவிலும் இப்படி ஒரு நம்பர் இருக்கும், யாரோ ஒரு வீட்டு ஓனர், துபாயில் இருக்கிறார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்வார்கள். விசாரித்தார். சஞ்சய் அதை வாட்ச்மேன் நம்பர் என்று நினைத்திருந்தான். வாட்ச்மேன் அதைச் செயலாளர் சாருடைய இன்னொரு நம்பர் என்று நினைத்திருந்தான். வெங்கடசாமி யோசித்தார். யோசித்து, விட்டுவிட்டார். கட்டடத்தில் வேலை நடக்கிறது, பெயர் அவருக்கு வருகிறது. இதில் ஆராய்ச்சி எதற்கு?

வீட்டில்தான் வேலை நடக்கவில்லை.

வீட்டில் அண்ணன் கோவிந்தப்பா இருந்தார். கல்யாணம் ஆகாதவர், தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து, போன தீபாவளியிலிருந்து இரண்டாவது பெட்ரூமில் படுக்கை. இடது பக்கம் முழுக்கப் போயிற்று, வாய் மட்டும் ஒரு பங்குகூடக் குறையவில்லை. துடைத்துவிடவும் கஞ்சி ஊட்டவும் வந்த ஆட்கள் அந்த வாய்க்குப் பயந்தே ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வெங்கடசாமியின் மனைவி சரளாவின் இடுப்பு போயிற்று. ஓசூரில் இருக்கும் தங்கை பார்கவி போனில் அழுவாள். அமெரிக்காவில் இருக்கும் அவள் மகன் அஷ்வின் கட்டை விரல் படம் அனுப்புவான்.

"டேய் துரை," என்று கிண்டலாகக் கூப்பிடுவார் அண்ணன். "முதுகு அரிக்குதுடா. சொறிஞ்சு விடறியா, இல்ல மனு எழுதிப் போடணுமா?"

அன்று காலை அவரைப் புரட்டிப் போடும்போது வெங்கடசாமியின் வெள்ளைச் சட்டை பாழாயிற்று. வேறு சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்து, அல்சூர் மார்க்கெட் பக்கம் தர்ஷினி ஓட்டலில் நின்றபடி இட்லி தின்றுகொண்டே, குடும்பக் குழுவில் தட்டினார். எதிரே பஸ் ஹார்ன், காபி டம்ளர் சத்தம், வெயில். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. "எல்டர் பிரதர்'ஸ் கண்டிஷன் இஸ் பதெட்டிக். த அண்டர்சைன்ட் இஸ் அன்ஏபிள் டு கன்டின்யூ. கைண்ட்லி டூ த நீட்ஃபுல்."

பார்கவி கும்பிடு போட்டாள். அஷ்வின் கட்டை விரல் போட்டான்.

அதற்குக் கீழே ஒரு வரி வந்தது. "நோட்டட்."

பெயர் இல்லை, படம் இல்லை.

வாயில் இருந்த இட்லி அப்படியே நின்றது. இந்த நம்பர் நம் குடும்பத்துக்குள் எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு முன்னால் நாயின் கழுத்து நரம்பு ஞாபகம் வந்தது. சரளாவுக்குப் போன் போட்டார்.

"அண்ணன் என்ன பண்றாரு?"

"தூங்கறாரு. ஏங்க, ஷேவிங் பண்ண ஆள் அனுப்புனீங்களா? மொகம் மழமழன்னு இருக்கு. போர்வை மாத்தி, தலை சீவி, கையை ரெண்டையும் நெஞ்சு மேல எடுத்து வச்சு..." அவள் குரல் தணிந்தது. "அந்த மாதிரி யாருங்க வச்சது? நான் ஹாலை விட்டு நகரவே இல்ல. யாரும் வரலையே."

"நீ அவர் பக்கத்துல உக்காரு. நகராதே. நான் வரேன்."

ஆட்டோவைப் பிடித்தார். "ஜல்தி ஹோகப்பா!" என்று கன்னடத்தில் கத்தினார். டிரைவர், "ஹெலிகாப்டர் இல்ல சார் இது," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, முன்னால் நின்ற தண்ணீர் லாரியின் முதுகைக் காட்டினான். சிக்னல் சிவப்பாகவே இருந்தது.

வெங்கடசாமி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தட்டினார். "மை எர்லியர் மெசேஜ் மே கைண்ட்லி பி ட்ரீட்டட் அஸ் வித்ட்ரான்."

பதில் உடனே வந்தது. "நீட்ஃபுல் இஸ் இன் ப்ராக்ரஸ். கைண்ட்லி ஸ்பெசிஃபை."

என்ன வேண்டும் என்று சொல் என்கிறது. ஒரு வரிதான். 'எங்க அண்ணனை ஒண்ணும் பண்ணாதே' என்று எழுதினால் தீர்ந்தது. விரல் போகவில்லை. ஏன் போகவில்லை என்பது அவருக்குத் தெரியும். தர்ஷினியில் நின்று அதைத் தட்டும்போது, அந்த வார்த்தைக்கு அடியில் என்ன நினைத்தார் என்பதும் தெரியும். கருணை இல்லத்தையோ, நர்ஸையோ, அஷ்வின் அனுப்பக்கூடிய உதவியையோ நினைக்கவில்லை. சட்டையை நினைத்தார். அண்ணன் அறை காலியானால் அதில் மேஜை போட்டு உட்கார்ந்து எழுதலாம் என்று நினைத்தார். அதைச் சொல்லாமல் சொல்வதற்குத்தானே அந்த வார்த்தையே இருக்கிறது.

லாரி நகர்ந்தது, மறுபடி நின்றது. முப்பது வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, தானாக ஒரு வழி கண்டுபிடித்தது. "மே பி டீல்ட் வித் அஸ் டீம்ட் ஃபிட்."

உசிதம்போல் செய்க. அனுப்பிய பிறகுதான் என்ன அனுப்பினோம் என்று உறைத்தது. அழிக்கப் பார்த்தார். பதில் முந்திக்கொண்டது.

"நோட்டட். கன்சர்ன்ட் பார்ட்டி வில் பி கன்சல்டட்."

சம்பந்தப்பட்டவர் கலந்தாலோசிக்கப்படுவார். அவருடைய சொந்த நடை, முற்றுப்புள்ளி முதற்கொண்டு. மீதி வழி முழுக்க அவர் அந்த நம்பருக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. நெற்றியில் வேர்வை வழிய, "அண்ணா, அண்ணா" என்று வாய் மட்டும் முனகியது.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறினார். சரளா அண்ணன் அறைக்கு வெளியே, கதவைப் பார்த்தபடி, சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"பக்கத்துல உக்காருன்னு சொன்னேனே!"

"உக்காந்துதாங்க இருந்தேன். அவரு கண்ணைத் தொறந்தாரு. 'நீ கொஞ்சம் வெளியே போம்மா, நாங்க பேசணும்'னாரு." அவள் முழங்கையைத் தேய்த்துக்கொண்டாள். "நாங்கன்னா யாருங்க?"

வெங்கடசாமி உள்ளே ஓடினார்.

அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மழித்த முகம், படிய வாரிய முடி. மூச்சு ஏறி இறங்கியது. உயிர் இருந்தது. வெங்கடசாமி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார், இங்கிலீஷ் கலக்காமல்.

"ஏன்டா அழறே? நான் இன்னும் போகலையே," என்றார் கோவிந்தப்பா.

"யாருண்ணா வந்தது?"

"யாருன்னு என்னைக் கேட்டா? நீதானே அனுப்புன. மூஞ்சி தெரியல, கை மட்டும் ஜில்லுனு இருந்துச்சு. நல்ல வேலைக்காரன்டா. ஒரு கீறல் இல்லாம ஷேவ் பண்ணிட்டான்." அண்ணன் நல்ல கையால் தாடையைத் தடவிக்கொண்டார். "உங்க தம்பி என்ன வேணும்னு சொல்லல, உசிதம்போல செய்யச் சொல்லிட்டாரு, நீங்க சொல்லுங்கன்னான்."

வெங்கடசாமி நிமிர்ந்தார். அப்போதுதான் ஜன்னலோரம் அதைப் பார்த்தார். இன்னொரு கட்டில். புது விரிப்பு, சுருக்கம் இல்லாமல். அதன்மேல் அவருடைய தலையணை, அவருடைய மூக்குக் கண்ணாடிக் கூடு, மடித்து வைத்த அவருடைய லுங்கிகள், அவருடைய டூத் பிரஷ்.

"நீ என்னண்ணா சொன்னே?"

"மொதல்ல, இவனையும் என்னை மாதிரி ஒரு பக்கம் இழுத்துப் போடுன்னுதான் நெனச்சேன். கோவம் இருக்காதா? ஆனா அப்புறம் எனக்கு யார்ரா கஞ்சி ஊட்டுவா?" அண்ணன் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. "நான் ஃபிட்டர்டா. வேலை சொன்னா அளவோட சொல்லணும். 'நான் இருக்கற வரைக்கும் எந்தம்பி இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது'ன்னேன். எழுதிக்கிட்டான்."

"சும்மா வெளையாடாதண்ணா."

வெங்கடசாமி எழுந்து வாசலுக்குப் போனார். கூடத்தில் டிவி ஓடியது. சரளா அவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவர் வலது காலைத் தூக்கினார். நிலைப்படிக்கு மேலே வந்ததும் கால் அப்படியே நின்றது. யாரும் பிடிக்கவில்லை, வலிக்கவில்லை. அது அவருடைய கால்போலவே இல்லாமல் காற்றில் நின்றது. கீழே வை என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு அது தானாகப் பின்னால் வந்து, அறைக்குள், தரையில் ஒழுங்காகப் பதிந்தது. இடது காலைத் தூக்கினார். அதுவும் திரும்பி வந்தது. சரளா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், இரண்டு கையாலும் இழுத்தாள். கல்லை இழுப்பதுபோல் இருந்தது அவளுக்கு. வாசலுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள்.

"என்னங்க," என்றாள், அழ ஆரம்பித்து. "என்னங்க இது?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"டேய்," என்றார் அண்ணன் பின்னாலிருந்து. குரலில் கிண்டல் இல்லை, அசதி மட்டும் இருந்தது. "குளுருது. ஃபேனைக் கொஞ்சம் கொறை."

வெங்கடசாமி போய்க் குறைத்தார். ஃபேன் சுவிட்ச் அறைக்குள்ளேதான் இருந்தது.