வேகத்துக்குப் பூட்டு

வித்யாலக்ஷ்மி கரியாஹாட் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகர். மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றுவிட்டால் வர முடியாத பிள்ளைகளுக்காக, பாடங்களை வீடியோவாக நூலகத் தளத்தில் ஏற்றும் வசதியை அவள்தான் போராடிக் கொண்டுவந்தாள்.

அது பொருளாதாரத் துறைத் தலைவர் அனந்தகிருஷ்ணனுக்குத்தான் மிகவும் தோதாகப் போயிற்று. பாடம் முழுவதையும் பேசிப் பதிவு செய்துவிட்டு, அவர் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சம்பளத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஒருநாள் அவர் விறுவிறுவென்று நூலகத்துக்கு வந்தார். சுற்றியிருந்த வங்காளிகளுக்குப் புரியக் கூடாதென்று தமிழில் பேசினார்.

"பசங்க என் லெக்சரை டபுள் ஸ்பீட்ல ஓட்டிப் பாத்துட்டு சிரிக்கறாளாம். என்னை ஏலம் போடறவன் மாதிரி ஆக்கிட்டா. அந்த ஸ்பீட் பட்டனை எடுத்துடு, வித்யா."

"நீங்க கிளாஸுக்கு வந்து நடத்தினா யாராலயும் ஓட்ட முடியாது, சார்."

அவர் முதல்வரிடம் போய் உத்தரவு வாங்கி வந்தார். அவள் பட்டனை நீக்கினாள். அன்று மாலையே, அந்தப் பாடத்துக்கு வேண்டிய கட்டுரைகளை வீட்டிலிருந்தே படிக்க மாணவர்களுக்கு இணைப்புகளை அனுப்பினாள். அதன்பின் அவருடைய பதிவுகளை ஒருவரும் திறக்கவில்லை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் அனந்தகிருஷ்ணன், தன் பாடத்தை இப்போது பிள்ளைகள் பொறுமையாகக் கேட்பதாகப் பெருமையடித்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த வித்யாலக்ஷ்மி அவரைத் திருத்தவில்லை. அந்த அளவு மரியாதைக்குக்கூட அவர் தகுதியானவரில்லை என்று அவளுக்குத் தோன்றியது.