எடைக்கு எடை

சூலியா தெருவுக்குப் பின்னால் இருக்கும் மீரா சாகிப்பின் தேநீர்க் கடையில், உலகத்திலேயே சிறந்த குத்துச்சண்டை வீரன் யார் என்பது தினமும் மாலையில் ஏலத்துக்கு வரும். எடைப் பிரிவு பார்க்கக்கூடாது என்பது அந்த மேசையின் சட்டம். ஐம்பது கிலோ ஆளையும் நூறு கிலோ ஆளையும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டு, யார் யாரை வீழ்த்துவான் என்று சாதிக்க வேண்டும்.

"அலிக்கு ரெண்டாம் இடம் குடுங்க. டுரான அஞ்சாவது எடத்துக்கு விட்டுத் தர்றேன்," என்பார் துணிக்கடை ஹனீபா. புடவைக்கு விலை பேசியே தடித்துப்போன நாக்கு.

"அலி பெரிய ஆளு லா, பாய். பெரிய ஆளு பெரிய ஆளத்தான் அடிச்சான். பாக்கியாவ் எட்டு பிரிவு ஏறி அடிச்சவன்," என்பார் ஐயாத்துரை. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காசைக்கூட விட்டுத்தர மாட்டார்.

கடைசித் தீர்ப்பு ஆர்தருடையது. இளவயதில் மாநிலத்துக்காக ஃபெதர்வெய்ட்டில், ஐம்பத்தேழு கிலோ பிரிவில், சண்டை போட்டவர். இப்போது எண்பது கிலோவுக்கு மேல். அன்று வாங்கிய குத்தெல்லாம் தலைக்குள் தங்கிவிட்டன என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மேசைக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

ஒருநாள் ஆர்தர் கை கழுவப் போன நேரம் பார்த்து அவர் மனைவி வெரோனிக்கா வந்து நின்றாள். அந்தக் கடைக்குள் அவள் வந்ததே இல்லை.

"நிபோங் திபால்ல முதியோர் இல்லம் இருக்கில்லண்ணே, அதுல ஒரு கட்டில் காலியாகியிருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணும். நான் சொன்னா அவரு போகமாட்டாரு. நீங்க சொன்னாப் போவாரு."

"ஏன், நல்லாத்தானே இருக்கான்?" என்றார் ஐயாத்துரை.

"தூக்கத்துல எந்திரிச்சு என்னை யாரோன்னு நெனச்சுக்கிறாரு. கைய மடக்கிக்கிட்டு வர்றாரு. எனக்குப் பயமா இருக்கு."

ஆர்தர் ஈரக்கையோடு திரும்பி வந்தார். ஐயாத்துரை கண்ணைச் சிமிட்டினார்.

"ஆர்தர், டுரான் லெனார்ட்ட எங்கடா ஜெயிச்சான்?"

"மாண்ட்ரியல். எண்பதாம் வருஷம். லைட்வெய்ட்லேர்ந்து ஏறி வந்தான் பாரு, அதான் அவனுக்குப் பெருமை."

"ஆர்ம்ஸ்ட்ராங்?"

"ஒரே நேரத்துல மூணு பட்டம். இதெல்லாம் ஒரு கேள்வியா? ராபின்சன் முதல் இடம், அவன் ரெண்டாவது. எழுதிக்க."

மேசை கைதட்டியது. "பாத்தியா தங்கச்சி?" என்றார் ஐயாத்துரை. "எனக்கே இவ்வளவு ஞாபகம் இல்ல. இவனைப் போயி தீவ விட்டு, பாலம் தாண்டி அனுப்புறதா?"

வெரோனிக்கா கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அந்த முகம் இப்படித் தெளிந்து அவள் பார்த்து மாதங்களாகியிருந்தன. ஹனீபா அந்த இடைவெளியை விடவில்லை.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா."

"முடியாது பாய்."

"சரி, கிறிஸ்மஸ் வரைக்கும். பண்டிகைக்கு மனுஷன் வீட்ல இருக்க வேணாமா?"

அவள் பேரத்துக்குப் படிந்தாள். அழைத்துக்கொண்டு போகும்போது ஆர்தரின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

கிறிஸ்மஸுக்கு முன்பே அது நடந்துவிட்டது. விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தவளை ஆர்தர் இடது கையால் ஒரே அடி. அக்கம்பக்கத்தார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள்.

கன்ன எலும்பு உடைந்து, வலது கண் வீங்கி மூடியபடி அவள் மருத்துவமனையில் படுத்திருந்தாள். நண்பர்கள் ஆர்தரையும் அழைத்து வந்திருந்தார்கள். அவர் வாசலோரம் உட்கார்ந்து, வீங்கிய தன் விரல்களைப் புரியாமல் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்படி ஆகும்னு நெனைக்கல தங்கச்சி," என்றார் ஐயாத்துரை.

"நீங்க எல்லாரையும் ஒரே எடையா வச்சுப் பேசுவீங்க. நான் நாப்பத்தஞ்சு கிலோண்ணே."

ஹனீபா வெளியே போய் இல்லத்துக்குப் போன் செய்துவிட்டு வந்தார். அந்தக் கட்டிலில் வேறொருவர் வந்து படுத்துவிட்டார். அடுத்தது எப்போது காலியாகும் என்று சொல்ல முடியாதாம். அங்கே கட்டில் எப்படிக் காலியாகும் என்பதை அவர்கள் விளக்கவில்லை.

"அதுவரைக்கும் உங்க வீட்ல வச்சுக்கங்க ஐயாத்துரை. பெரிய வீடு."

"மருமக பிள்ளை உண்டாகியிருக்கா, பாய். எப்படி? உங்க கடை மாடி சும்மாதானே கிடக்கு?"

"மாடியில சரக்கு. படி வேற செங்குத்து. ரெண்டு நாள்னா பாக்கலாம்."

"ரெண்டு நாள் உங்ககிட்ட, அப்புறம்?"

"அப்புறம் நீங்க ஒரு வாரம்."

"ஒரு வாரமா! மூணு நாள். அதுவும் மருமகளக் கேட்டுட்டுத்தான்."

வெரோனிக்கா கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். பேரம் ஒரு நாளுக்கு இறங்கியபோது, திறந்திருந்த கண்ணால் வாசலைப் பார்த்தாள். ஆர்தர் அவளைப் பார்த்து, புதிதாக ஒருவரைச் சந்திக்கும் மரியாதையோடு தலையசைத்தார்.

"வேணாம்ணே. அவரு வீட்லயே இருக்கட்டும்," என்றாள்.

இருவரும் உடனே பேரத்தை முடித்துக்கொண்டார்கள்.

"நான் திரும்பி வர்றதுக்குள்ள ஒரு ஆளப் புடிச்சு, என் ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு வைங்க," என்றாள். "உள்பக்கமா. இரும்புல."